ஐஸ் பெட்டிக்குப் பின்னால் செத்த மிளகாய்ச் செடி

அத்தியாயம் 6

கண்ணாடிக் குழாய் செங்கல் நிறத்துக்கு மாறியபோது துப்பறியும் காளிதாஸுக்கு முதலில் தோன்றியது, இதை வேறு யாரும் பார்த்திருக்கக் கூடாதே என்பதுதான்.

பார்த்துவிட்டார்கள். ஸ்பிரிட் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பாலகிருஷ்ணன். ஜாசினுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். சாய்வு நாற்காலியில் கண் செருகக் கிடந்தவள் அவருடைய தங்கை அன்னம்மா; வயது பத்தொன்பது, எடை சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்பார்கள். கதவோரம் நின்றவன் வீராசாமி. மலாக்கா - ஜாசின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, வாய்த்துடுக்கால் அந்த வேலையை இழந்து, அதே வாய்த்துடுக்கோடு காளிதாஸுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தவன்.

அன்னம்மாவுக்கு இனிப்பு நீர் என்கிற நீரிழிவு வியாதி. அவள் சிறுநீரில் சில சொட்டை நீல மருந்தில் விட்டுக் கொதிக்க வைத்தால் நிறம் சொல்லிவிடும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை என்றால் கவனம், மஞ்சள் என்றால் கவலை. செங்கல் நிறம் வந்தால், காலையில் போட்ட இன்சுலின் ஊசியும் வெறும் தண்ணீரும் ஒன்று என்று அர்த்தம். இப்படியே இன்னும் நாலைந்து நாள் போனால் பிள்ளை மயங்கி விழுவாள், விழுந்தவள் எழுந்திருக்க மாட்டாள் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் தங்கையா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணே, வேலக்காரப் பெத்தம்மா இந்த வீட்ட விட்டுப் போயி இன்னியோட அஞ்சு நாளு," என்றான் வீராசாமி. "அது அங்க லயத்து வீட்டுல இருந்துக்கிட்டே இங்க குப்பியில தண்ணி ஊத்துதுன்னா, அதோட கைய அளந்து பாக்கணும்லா."

காளிதாஸ் குனிந்து குழாயின் நிறத்தை மறுபடி பார்த்தார். 

ஐந்து நாளைக்கு முன்னால் அவர் செய்த காரியம் அப்படி. பெத்தம்மாள் தீபாவளி கழித்து இந்த வீட்டு வேலைக்கு வந்தவள். சமைப்பாள், ஊசியும் போடுவாள். தீபாவளி வரை நீலமாக இருந்த குழாய் அதற்குப் பிறகுதான் நிறம் மாறத் தொடங்கியது. டுரியான் துங்கால் ஊரில் இருக்கும் அவள் தம்பி இருளாண்டிக்கும் இனிப்பு நீர். மாதம் ஒருமுறை தம்பியைப் பார்க்கப் போகும்போது மடியில் ஒரு புட்டி கொண்டு போவாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? பெத்தம்மாள் இன்சுலினை உறிஞ்சித் தம்பிக்குக் கொடுத்துவிட்டுக் குப்பியில் தண்ணீர் நிரப்புகிறாள் என்று கண்டுபிடித்தார் காளிதாஸ். கண்டுபிடித்ததோடு விட்டாரா? விடியற்காலை பெரட்டில், தோட்டத்து ஆள் அத்தனையும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் நேரத்தில், படிமேல் ஏறி நின்று அவளைத் திருடி என்றார். தோட்டத்துத் துரை பேர்ப் புத்தகத்திலிருந்து அவள் பேரை அடித்துவிட்டார். சனிக்கிழமைக்குள், தோட்டத்தார் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. இன்று வியாழன்.

பாலகிருஷ்ணன் குழாயைக் கழுவி வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் 'செங்கல்' என்று எழுதினார்.  "நீங்க வந்தப்ப எல்லாம் முடிஞ்சிடும்னு நெனச்சேண்ணே," என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் காளிதாஸுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அந்த நோட்ட குடு, மூர்த்தி," என்று வாங்கினார் காளிதாஸ். பெயரை மாற்றிக் கூப்பிட்டது கூட அவருக்குத் தெரியவில்லை. மலாக்கா கோர்ட்டில் பதினான்கு வருஷம் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக நின்று, யார் பொய் சொன்னாலும் மூக்கிலேயே தெரியும் என்று பீற்றிக்கொண்ட மனிதருக்கு அன்றைக்கு நாக்குக் குழறியது.

நோட்டைப் புரட்டினார். செங்கல், மஞ்சள், செங்கல், செங்கல். நடுவில் மார்கழி மாதத்தில் ஒரே ஒரு வாரம் மட்டும் நீலம், நீலம், பச்சை, நீலம். இந்த வாரத்தைக் காட்டித்தான் அவர் வழக்கையே ஜோடித்திருந்தார். அந்த வாரம் பெத்தம்மாள் ஊரில் இல்லை. தம்பி வீட்டுக்குப் போனவள் மழை வெள்ளத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அவள் இல்லாத வாரத்தில் மருந்து வேலை செய்தது. ஆகவே அவள்தான் திருடி. கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

"வீரா, அந்த வெள்ளத்துல பஸ்ஸு எத்தன நாளு நின்னுச்சு?"

"முழுசா ஒம்பது நாளு. பாலத்துல தண்ணி. ஐஸு வரல, மீனு வரல, மலாக்காவுலேருந்து என் மாமியா வரல. அந்த ஒம்பது நாளுதான் நான் மனுஷனா வாழ்ந்தேன்."

காளிதாஸ் நிமிர்ந்தார். "இன்னொருக்கா சொல்லு."

"என் மாமியா..."

"அத விடு. அதுக்கு முன்னாடி."

"மீனு வரல. ஐஸு வரல."

பெத்தம்மாளை வரவிடாமல் தடுத்த அதே வெள்ளம் ஐஸையும் தடுத்திருக்கிறது. அந்த வாரம் இந்த வீட்டில் இல்லாதது ஒன்றல்ல, இரண்டு. அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐஸ் கட்டி லயத்தில் குடியிருப்பதில்லை, பெரட்டில் வரிசையில் நிற்பதில்லை. அதனால் கண்ணில் படவில்லை போலும்.

"அன்னம்மா," என்று மெதுவாகக் கேட்டார், "ஐஸ் இல்லாத அந்த வாரம் குப்பிய எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். "புதுக் குப்பி. கடைசி பஸ்ஸுல வந்துச்சு. சட்டியில ஈர மணலு போட்டு, துணி சுத்தி, அடுக்களைக்குப் பின்னாடி இருட்டு மூலையில வெச்சேன். பெத்தம்மா அக்காதான் முன்னாடி ஒரு தடவ சொல்லிக் குடுத்தாங்க."

காளிதாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வீராசாமியோடு சைக்கிளில் கிளம்பினார். அந்தப் பெயரை அவள் சாதாரணமாகச் சொன்னதை அவரால் அங்கே நின்று கேட்க முடியவில்லை.

ஜாசின் பசார் கடைத்தெருவில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சுப்பனின் ஐஸ் கிடங்கு. பஸ் கூரையில் மரத்தூளுக்குள் சாக்குச் சுற்றி வரும் கட்டிகளை இறக்கி, அறுத்து, வீடு வீடாக அனுப்புவது அவன் வேலை. ரம்பத்தை நிறுத்தாமலே பேசினான்.

"கிராணி வீடா? முன்ன ரெண்டு நாளைக்கி ஒரு கட்டி. இப்ப தெனம் ஒண்ணு. சில நாளு சாயந்தரமே ஆள் அனுப்பி இன்னொண்ணு கேப்பாரு."

"எப்பலேருந்து?"

"தீவாளிலேருந்து."

"தீபாவளியில இருந்து வெயில் கூடிருச்சோ?" என்றான் வீராசாமி.

"தீவாளிலேருந்து மழதான் கூடியிருக்கு. நானும் யோசிச்சேன். பெரிய கிராணி ஐஸக் கடிச்சுத் திங்கிறாரோன்னு."

காளிதாஸ் சைக்கிளில் ஏறினார். வழியெல்லாம் அவருக்கு ஒரே கேள்வி. மழைக்காலத்தில், நல்ல தகரம் அடித்த பெட்டிக்குள், ஐஸ் ஏன் இரண்டு மடங்கு வேகமாகக் கரைய வேண்டும்?

கிராணி வீட்டுக்குத் திரும்பியதும் முன்வாசல் பக்கமே போகவில்லை. சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்தார். ஐஸ் பெட்டி அடுக்களைச் சுவரை ஒட்டி உள்ளே இருந்தது. கரைந்த தண்ணீர் ஒரு ஈயக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. கொல்லையில் வெண்டை, கத்தரி, பாகல் எல்லாம் மழைக்குத் தளதளவென்று நின்றன. குழாய்க்கு நேர் கீழே, எந்நேரமும் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் இருந்த இரண்டு மிளகாய்ச் செடிகள் மட்டும் இலை கருகி, காய்ந்த குச்சியாக நின்றன.

"பாவம், தாகத்துல செத்திருச்சு," என்றான் வீராசாமி.

"தண்ணியிலயே நின்னுக்கிட்டா?"

 காளிதாஸ் குனிந்து, குழாயில் சொட்டிய தண்ணீரை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார். முகம் கோணியது. மறுபடி வைத்துப் பார்த்தார்.

"உப்பு."

"அண்ணே," என்றான் வீராசாமி. இந்த முறை குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது. "அன்னிக்கிப் பெத்தம்மா மடியில எடுத்த புட்டியையும் இப்பிடி நக்கிப் பாத்திருக்கலாம்ல. பாகக்காச் சாறுன்னு அது கத்துச்சே. நாக்குல வெச்சிருந்தா நமக்கும் கசந்திருக்கும், கத முடிஞ்சிருக்கும்."

அது உண்மை. காளிதாஸ் அந்தப் புட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உயரத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான். காது மடல் சுட்டது. படி ஏறி உள்ளே போனார்.

உள்ளே டிரெஸர் தங்கையா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, காலில் சேறு; ஈரத் துணியில் சுற்றிய புதுக் குப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சைக்கிளில் கொண்டு வந்திருந்தார். காளிதாஸ் நேராக ஐஸ் பெட்டியைத் திறந்தார். கட்டியின் நடுவே முஷ்டி அளவு குழி. குழிக்குள் பாதி தீர்ந்த இன்சுலின் குப்பி. சுற்றிலும் கல்லுப்புத் தூவிக் கிடந்தது. குப்பியை எடுத்தால் விரலில் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்த மருந்து கல்லாகியிருந்தது.

தங்கையா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து இளக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தெளிந்த தண்ணீர் போல இருக்க வேண்டிய மருந்தில் பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது.

"உறைஞ்சு உருகின மருந்து," என்றார். "இத ஏத்துறதும் ஒண்ணு, கெணத்துத் தண்ணிய ஏத்துறதும் ஒண்ணு. வெயிலு ஆகாது, அடுப்புச் சூடு ஆகாது. ஆனா உறையவே விடக் கூடாது. ஒருக்கா உறைஞ்சா செத்துப் போகும். வெறும் ஐஸுல இப்பிடிக் கல்லாகாதே. யாரு இப்பிடி வெச்சது?"

தன் நேரம் வந்துவிட்டது என்று காளிதாஸுக்குப் பட்டது. ஐந்து நாள் அவமானத்துக்குப் பின் கிடைத்த முதல் வெளிச்சம், மனிதர் விடுவாரா? இடுப்பில் கை வைத்து, கோர்ட்டில் நிற்பது போல நின்றார்.

"வெறும் ஐஸு தண்ணியக் குளுர வைக்கும், அவ்வளவுதான். அந்த ஐஸோட உப்பக் கலந்து பாருங்க, குளிரு இன்னும் ஒரு படி கீழ எறங்கிடும். பாலக் கல்லாக்கிடும், பழச்சாறக் கல்லாக்கிடும். ஆனா ஐஸு சீக்கிரம் கரையும். ஐஸு ஏன் தெனம் ஒரு கட்டி ஓடுதுங்கிறதுக்கும் அதான் காரணம், மொளகாச் செடி ஏன் செத்துச்சுங்கிறதுக்கும் அதான் காரணம். பாலகிருஷ்ணா, உப்புப் போட்டது யாரு?"

"நான்தாண்ணே," என்றார் பாலகிருஷ்ணன்.



"விடியக்காலையில நான்தான் குப்பிய எடுத்து, கையில வெச்சு இளக்கி, அப்புறமா ஊசிக்குக் குடுப்பேன். கெட்டியா இருந்தா கெடாதுன்னு நெனச்சேன். மீனு உறைஞ்சா கெடுமா? மருந்தோட வந்த கடுதாசியில குளுரா வைக்கணும்னு போட்டிருந்துச்சு. குளுரு எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லதுன்னு..." அன்னம்மா பக்கம் திரும்பினார். "என் கையாலயேவா என் தங்கச்சிக்கு..."

"உனக்கு யாரு இந்தப் புத்தியச் சொன்னது?" என்று காளிதாஸ் அதட்டினார். குற்றவாளி இன்னொருவன் வெளியே இருக்கிறான், அவனைப் பிடித்துவிட்டால் தன் பழி கொஞ்சம் குறையும் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. "எந்த மடையன் சொன்னான்?"

பாலகிருஷ்ணன் தரையைப் பார்த்தார். தங்கையாவைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் காளிதாஸைப் பார்த்தார்.

"இப்ப சொன்னீங்களே அண்ணே, அதே வார்த்ததான். தீவாளி அன்னிக்கி இதே எடத்துல நின்னு, இதே மாதிரி இடுப்புல கைய வெச்சுக்கிட்டுச் சொன்னீங்க. மலாக்காவுலேருந்து மர வாளி கொண்டாந்து ஐஸ் கிரீம் பண்ணிக் காட்டினீங்களே. 'உப்புதான் சூட்சுமம், எத வேணும்னாலும் இதுல வெச்சா வருஷக் கணக்குல கெடாது'ன்னு."

சொன்னார். காளிதாஸுக்கு நன்றாக நினைவு வந்துவிட்டது. குழந்தைகள் சுற்றி நின்றன, பெரியவர்கள் வாய் பிளந்து நின்றார்கள், கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அவருக்குப் பேச்சு வளர்ந்தது. பாலைக் கல்லாக்கிக் காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். 'வருஷக் கணக்கில் கெடாது' என்பது அவருக்கே தெரியாத விஷயம். கேட்கிறவர்கள் கண்ணைப் பார்த்துச் சேர்த்த சரக்கு.

இதுவரை பிடித்த கள்ளர்களில் ஒருவன்கூட அவரை இப்படித் தலைகுனிய வைத்ததில்லை. நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்காரத் தோன்றவில்லை, அந்த வீட்டில் உட்காரத் தனக்கு என்ன யோக்கியதை என்றிருந்தது.

வீராசாமி ஏதாவது சொல்லுவான் என்று எதிர்பார்த்தார். ஒரு குத்தலாவது வந்தால் தேவலாம். அவனோ சட்டியை எடுத்துக்கொண்டு மணல் அள்ளக் கொல்லைக்குப் போய்விட்டான்.

ஈர மணல் சட்டியில், துணி சுற்றி, அடுப்புக்கு எட்டாத இருட்டு மூலையில் புதுக் குப்பியை வைத்தார்கள். தங்கையாவே முதல் ஊசியைப் போட்டார். மாலையில் குழாய் மஞ்சளுக்கு வந்தது. விளக்கேற்றும் நேரத்தில் பச்சை. அன்னம்மா கஞ்சி கேட்டாள். பாலகிருஷ்ணன் அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார். காளிதாஸும் அழுதிருப்பார், ஆனால் அந்த வீட்டில் சந்தோஷப்படத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

கிளம்பும்போது அன்னம்மா கேட்டாள். "பெத்தம்மா அக்கா கிட்ட யாராச்சும் சொல்லிட்டீங்களா?"

"நாளைக்கிக் காலையில," என்றார் காளிதாஸ்.

"இப்பவே லயத்துக்குப் போயி சொல்லிரலாமே அண்ணே," என்றான் வீராசாமி வெளியே வந்ததும். "வீட்டுக்குள்ள, நாலு பேருக்குத் தெரியாம முடிஞ்சிரும்."

அந்த ஆசை காளிதாஸுக்கு இல்லாமல் இல்லை. லயத்து வாசல் வரை கால் போனது. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பெத்தம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திகூட உதவிக்கு வரவில்லை. திருடிக்கு யார் உதவுவார்கள்? அதைப் பார்த்த பிறகு ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. திரும்பி நடந்தார்.

வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். பெரட்டுக் களத்தில் வாளியும் கத்தியுமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பாலகிருஷ்ணன் பேர்ப் புத்தகத்தோடு மேசையருகில் நின்றார். அவர் கண்கள் இரவெல்லாம் தூங்காதவை. பேர் இல்லாத பெத்தம்மாள் வரிசைக்கு வெளியே, புல் வெட்டவாவது கூப்பிடுவார்களா என்று அரிவாளோடு ஒதுங்கி நின்றாள்.

காளிதாஸ் படியில் ஏறினார். கசகசவென்ற பேச்சு அடங்கியது. இன்றைக்கு யார் மாட்டினார்களோ என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

"கிராணியார் வீட்டு மருந்து விஷயமா," என்று ஆரம்பித்தார். ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் கோர்ட்டுப் பாஷையில் வந்து நின்றன. "அதுல ஒரு தவறு நடந்துபோச்சு. பெத்தம்மா மேல சொன்ன குத்தம் சரியில்லன்னு இப்ப தெரிய வந்திருக்கு. அத எல்லாரும் மறந்துடணும்னு..."

"யாரு பண்ணுன தவறு ஐயா?"

பெத்தம்மாள்தான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்பது போலக் கேட்டாள்.

களம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது. மேசையருகில் பாலகிருஷ்ணன் வாய் திறக்கப் போனார். காளிதாஸ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அந்த மனிதர் அறியாமல் செய்தார். அறிந்தவர் போலப் பேசியது காளிதாஸ்தான்.

"நான்," என்றார்.  "நான் பண்ணுனது. பெத்தம்மா ஒரு சொட்டு மருந்தையும் தொடல. மருந்து ஐஸ் பெட்டியில உறைஞ்சு கெட்டுப் போச்சு. அப்பிடி உறைய வைக்கிற யோசனையச் சொன்னதே நான்தான். தெரியாத விஷயத்தத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அப்புறம் இந்தம்மாவத் திருடின்னு சொன்னேன். இந்தம்மா கையிலிருந்த புட்டியக்கூடத் தெறந்து பாக்கல. பிள்ள பொழச்சது இந்தம்மா சொல்லிக் குடுத்த மணல் சட்டியால."

முன்வரிசையில் ஒரு முதியவர் "அட கடவுளே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. படிமேல் நிற்பது அவருக்கு அம்மணமாக நிற்பது போலிருந்தது. முடிந்தது என்று நினைத்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

பெத்தம்மாள் அசையவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை, அழவும் இல்லை. கழுத்தை நீட்டிக் களத்தின் கடைக்கோடியைப் பார்த்தாள். அங்கே நின்ற பெண்கள் என்ன சொன்னார் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி வரிசைக்குக் கேக்கல ஐயா," என்றாள். "அன்னிக்கி நீங்க சொன்னது அங்க வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு."

காளிதாஸ் மறுபடியும் படியேறினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை உயர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.